பக்கத்து சீட்டுப் பெடல்

நான் கடைக்குட்டி பேசுகிறேன். இருபத்தாறு முடிந்து இருபத்தேழு நடக்கிறது. இருப்பது ஒரு கார் ஷெட்டுக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறையில். வேலை ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கடிதம் என்றால் பேர், வயது, இருக்கிற இடம் என்று தொடங்கவேண்டும் என்று அப்பா பழக்கிவிட்டார். கையால் எழுதவில்லை. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. வேகமாகப் பேசினால் கண்டதையும் எழுதிவிடுகிறது என்பதால், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் ஒன்று கேட்டார். நம் வீட்டுச் சமையலறையை இடித்துப் பெரிதாகக் கட்டலாமா என்று. நான் சரி என்றேன். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்ல, கீழ்வீட்டுக் காரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கீழ்வீட்டில் இரண்டே பேர். அக்காவும் மாமாவும். ரத்த சொந்தம் இல்லை. வந்த முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துப் படியேறிக் கொண்டு வந்தார், அன்றிலிருந்து அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் மாமா. தெருவில் எல்லோரும் அக்காவை டீச்சர் என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நானும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். காரில் ஏறினால் டீச்சர், இறங்கினால் அக்கா.

அந்தக் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. வெளிர்நீலம். பானெட் மட்டும் வெயிலில் வெளுத்து, அடித்துத் துவைத்த தலையணை உறை மாதிரி இருக்கும். கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் மாமா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

“அது உனக்கு அண்ணன்டா. மரியாதையாச் சாத்து.”

பக்கத்து சீட்டின் காலடியில் இன்னும் இரண்டு பெடல் இருக்கும். ஒன்று கிளட்ச், ஒன்று பிரேக். கற்றுக்கொள்கிறவன் தப்புப் பண்ணினால் டீச்சர் தன் காலால் மிதித்து வண்டியை நிறுத்துவதற்கு. கடையில் வாங்கினது இல்லை. மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது, கல்யாணம் ஆன புதிதில், பழைய பஸ்ஸின் இரும்பை அறுத்துத் தன் கையால் செய்தது. எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவில் ஒரு தகடு இருக்குமே, அந்தத் தகட்டின் எஞ்சின் பக்கமாகக் கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி குறுக்கே ஓடும். இந்தப் பக்கம் அக்கா மிதித்தால் அந்தப் பக்கம் ஓட்டுகிறவன் பெடல் தானாக இறங்கும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, மிதித்து, முத்திரை குத்திக் கொடுத்த பெடல். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அது பிசகியதில்லை.

“எனக்கு இந்த மனுஷன் செஞ்சு போட்ட ஒரே நகை இதுதான்” என்று அக்கா புதுசாக வருகிறவர்களிடம் சொல்வார். “காதுல போட்டுக்க முடியாது. அது ஒண்ணுதான் குறை.”

பாடத்தின்போது அவர் கால் இரண்டும் அந்தப் பெடல்கள் மேலேயே இருக்கும். மெல்லிய அடிப்பாகம் உள்ள துணிச் செருப்புத்தான் போடுவார். அழுத்த மாட்டார். பூ மேல் வைத்த மாதிரி வைத்திருப்பார். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. ஒருவருக்கு ஓட்டுவது கைவந்துவிட்டது என்று தோன்றினால் வாயால் சொல்லவும் மாட்டார். ஓடுகிற வண்டியில் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து, சீட் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான். அதற்கு அடுத்த வாரம் டெஸ்ட். டீச்சர் காலை மடக்கிட்டாங்களா என்பதுதான் எங்களுக்குள் கேள்வி. நாலு தடவை டெஸ்டில் தோற்ற ஒரு நர்ஸம்மா, அக்கா காலை மடக்கின அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாராம்.

எனக்கு லைசென்ஸ் தேவைப்பட்டது. சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவில் நிற்கிற வேலை எனக்கு. ஈரத் துணி மூட்டையை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கிவிட்டது. துணி கொண்டுபோகிற வேனுக்கு டிரைவர் வேண்டும், லைசென்ஸ் எடுத்துவிட்டு வா என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். டிரைவராகிவிட்டால் இங்கேயே நிரந்தரமாக இருக்கக் காகிதம் கிடைக்கும். அதனால் வாரத்தில் மூன்று நாள், காலை ஷிப்டுக்குப் போகும் முன் எனக்குப் பாடம்.

எல்லாம் வந்தது. மேடு மட்டும் வரவில்லை.

போன வருஷம் லைசென்ஸ் ஆபீஸைக் குன்றின் மேல் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். டெஸ்டில் பாதி அந்த மேட்டில்தான். நடு மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மறுபடி எடுக்க வேண்டும். பின்னால் ஒரு லாரி வந்து நின்றால் போதும், வண்டி பின்னால் உருண்டு லாரிக்குள் போய்விடும் என்று தோன்றும். கிளட்சைப் படக்கென்று விட்டுவிடுவேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிடும். அக்கா தன் பிரேக்கை மிதித்து வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி, “ம், சாவியத் திருப்பு” என்பார்.

மேட்டில் அந்த வண்டியும் கொஞ்சம் முக்கும்தான். ஓட்டுகிறவன், அக்கா, பின்னால் டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் என்று மூன்று பேர் உட்கார்ந்தால் இரண்டாவது கியரில் இருமிக்கொண்டே ஏறும். ஆனால் ஏறிவிடும். பதமாக ஓட்டினால் ஏறிவிடும் என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில் மாமாவுக்கு வேலை இல்லை. டிப்போ ஒர்க்‌ஷாப்பை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டார். குழாய், மின்விசிறி, கதவுக் கீல், என் அறை ஜன்னல் கொக்கி வரைக்கும். காலையில் ஸ்பானர்களை எண்ணெய்த் துணியால் துடைத்து வரிசையாக அடுக்குவார். சாயங்காலம் மறுபடி துடைப்பார். அக்கா பாடம் முடிந்து வந்தால் இவர்தான் முட்டை பொரித்து, ரொட்டி சுட்டுத் தட்டில் வைப்பார். வைத்துவிட்டு, “இன்னைக்கு எத்தனை பேரு?” என்று கேட்பார். “மூணு பேர்” என்றால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே சாரல். என்னையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா குளித்து, தலை சீவி, வெளியே போய்விட்டு வந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு பளபளப்பு.

“பழைய இரும்புக்காரர் யார்டுல ஒரு எஞ்சின் கிடக்கு” என்றார். “நம்ம கார் கம்பெனிதான். பெரிய மாடல்ல வந்தது. பின்னாடி இடி வாங்கின வண்டி, முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். தண்ணி மாதிரி ஓடுது.”

அக்கா பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். “ஓடட்டும்” என்றார்.

“நம்ம வண்டிக்குப் போடலாம்.”

“நம்ம வண்டிக்கு என்ன வந்துது?”

“அதுக்கு என்ன வரணும், வயசுதான் வந்துடுச்சே. மேட்டுல அது இருமுற இருமல்ல ஆபீசர் ஒரு நாள் மருந்து எழுதிக் குடுக்கப்போறார் பாரு.”

“உங்களுக்குந்தான் வயசாச்சு. மாடியேறினா இருமுறீங்க. நான் மாத்திட்டேனா?”

எனக்குச் சிரிப்பு வந்து புரை ஏறியது. மாமாவும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

“விளையாட்டுக்குச் சொல்லல. போன மாசம் ரெண்டு பேர் பாடத்த விட்டு நின்னுட்டாங்க இல்ல. எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலுக்குத்தானே போனாங்க. ஏன் போனாங்க? அவன் வண்டி சும்மா விர்ர்னு ஏறுது.”

“அவன் வண்டி ஏறும். அவன்கிட்ட கத்துக்கிட்டவங்க ஏறுறாங்களா?” அக்கா உட்கார்ந்தார். “இங்க பாருங்க. சின்ன எஞ்சின்னா தப்புப் பண்ணா உடனே காட்டிக் குடுக்கும். நடுங்கும், குலுங்கும், ஆஃப் ஆகும். காலுக்குத் தெரியும். பெரிய எஞ்சின் எல்லாத்தையும் பொறுத்துக்கும். பொறுத்துக்கிற வண்டியில என்ன கத்துக்கிறது?”

“நல்லா இருக்கே. கஷ்டப்படுத்தினாத்தான் பாடமா?”

“கஷ்டம் இல்லங்க. சொல்லிக் குடுக்குது. பாதிப் பாடத்த அதுதான் சொல்லிக் குடுக்குது, நான் பக்கத்துல உட்கார்ந்து பேர் வாங்கிக்கிறேன்.”

மாமா தட்டில் விரலால் கோடு போட்டார். “நான் ஒரு வருஷமா இந்த வீட்டுல முட்டை பொரிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது மாதிரி சொன்னார். “எஞ்சின் இறக்கி ஏத்துறது எனக்குத் தெரிஞ்ச வேலை. நான் அத உனக்காகச் செய்யுறேன்னு சொல்றேன்.”

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு தம்பி. நீதான் ஓட்டுற. மேட்டுல உனக்கு ஆஃப் ஆகுதே, அது வண்டியாலயா, உன்னாலயா?”

இதுதான் அந்தக் கேள்வி. பயம் வந்து நானே கிளட்சை விட்டுவிடுகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட சோறு என் கையில் இருந்தது. அதைவிட, என் பயத்தை ஒரு எஞ்சின் மேல் தூக்கி வைக்க முடியும் என்பது அந்த நொடியில் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“வண்டியாலதான்கா” என்றேன். “எஞ்சின் போதல.”

“நிஜமாவா?”

“ஆமாக்கா. எவ்வளவு மிதிச்சாலும் இழுக்க மாட்டேங்குது.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமாவிடம், “சரி. செய்யுங்க” என்றார். எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

யார்டுக்கு மாமாவோடு நானும் போனேன். பழைய இரும்புக்காரர் வாயில் பல் குத்துகிற குச்சியோடு, செத்த கார்களுக்கு நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பேரம் எதுவும் நடக்கவில்லை. “உங்க சின்ன எஞ்சினக் கழட்டிக் கொண்டாங்க, பெரிசத் தூக்கிட்டுப் போங்க” என்றார். “அந்த மாடலுக்குப் பார்ட்ஸ் கேட்டு ஆள் வருது. எனக்கு அதுவே போதும்.” மாமா அவர் கையைக் குலுக்கியபோது பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார்.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. ஷெட்டின் உத்திரத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பானெட்டைக் கழற்றி, குழாய் குழாயாகப் பிரித்துப் பழைய எஞ்சினை மேலே தூக்கினோம். மாமா ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தில் கழற்றினாரோ அந்த இடத்தின் பேரை ஒட்டி டப்பாவில் போட்டார். அவர் கை வேலை செய்வதைப் பார்க்க அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். வாய் ஓயாது.

“டிப்போவுல ஒரே பகல்ல ரெண்டு பஸ் எஞ்சின் இறக்கியிருக்கேன். இது என்ன, பொம்மை. அந்தக் கம்பிய இழு. அத இல்லடா, அது என் கால்.”

அக்கா பத்துப் பன்னிரண்டு நாள் பாடம் இல்லை என்று எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். ஷெட்டுக்குத் தேநீர் கொண்டுவருவார். கதவருகே வைத்துவிட்டு, வெறும் குழியாக இருந்த எஞ்சின் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

ஏழாம் நாள் பெரிய எஞ்சினை இறக்கும்போதுதான் தெரிந்தது, அது ஒரு சாண் நீளம் அதிகம். முன்னால் ரேடியேட்டரைத் தள்ளி வைத்துப் பார்த்தார். போதவில்லை. பின்னால் அந்தத் தகட்டைக் கொஞ்சம் வெட்டி, உள்பக்கமாகச் சுத்தியலால் தட்டினார். அப்போதும் ஒன்று தடுத்தது. குறுக்கே ஓடுகிற அந்தக் கட்டைவிரல் கம்பி. அக்காவின் பெடல் கம்பி.

மாமா விளக்கைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதக் கழட்டினாத்தான் உட்காரும்” என்றார்.

“கழட்டினா பெடல்?” என்றேன்.

“கம்பிக்குப் பதிலாக் கேபிள் போட்டுக்கலாம். பிரேக் கேபிள் எத்தனை பாத்திருக்கேன்.”

“அக்காகிட்ட ஒரு வார்த்தை…”

“வேலை முடிச்சுக் காட்டுவோம்டா. பாதியில காட்டினா எல்லாமே குப்பையாத்தான் தெரியும்.”

நான் சரி என்றேன். வண்டியாலதான் என்றது முதல் சரி என்றால், இது இரண்டாவது சரி.

அறுத்தெடுத்த கம்பியை மாமா தூக்கிப் போடவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். மறுநாள் பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து சின்ன எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்து ஏத்துங்க, பக்கவாட்டுல போல்ட் மாட்டுற காது ஒண்ணு உடைஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

கேபிளைச் சட்டென்று மடக்கித் திருப்ப முடியாது. பெரிய வளைவாகத்தான் போகும். அதனால் பெடலிலிருந்து பின்னால் வந்து, பக்கத்து சீட்டுக்கு அடியில் ஒரு சுற்று சுற்றி, நடுவில் தாண்டி ஓட்டுகிறவன் பெடலுக்குப் போகிற மாதிரி மாமா மாட்டினார். மாட்டிவிட்டுத் தானே பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நெடிய மனுஷன், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளித்தான் உட்கார முடியும். மிதித்தார். அந்தப் பக்கப் பெடல் இறங்கியது. இருபது தடவை மிதித்தார். இருபது தடவையும் இறங்கியது.

“எழுதி வச்சுக்கோ” என்றார். “கம்பியைவிட லேசா இறங்குது.”

பன்னிரண்டாம் நாள் மழை விட்டிருந்தது. மாமா ஓட்ட, அக்கா பின் சீட்டில், நான் முன்னால் மாமா பக்கத்தில். குன்றின் மேட்டில் வண்டி மூன்றாவது கியரில் ஏறியது. சத்தமே இல்லை. எதிர்த்தெரு ஸ்கூலின் புதுக் காரைத் தாண்டும்போது மாமா ஹாரன் அடித்தார். எனக்குக் கை தட்டத் தோன்றியது. கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மாமாவின் பின்தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியொரு சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முன் கதவைத் திறந்து குனிந்து காலடியைப் பார்த்தார். பெடல்கள் அதே பழைய பெடல்கள். பின்னால் கறுப்புக் கேபிள்.

“கம்பி எங்கங்க?”

மாமா சொன்னார். கேபிள் எப்படி ஓடுகிறது, இருபது தடவை மிதித்துப் பார்த்தது, எல்லாம். அக்கா முழுக்கக் கேட்டார்.

“இன்ஸ்பெக்டர் மறுபடி பாக்கணும் இல்ல?”

“பாக்கட்டும். வர்ற மாசம் கூட்டிட்டுப் போறேன்.”

“அதுவரைக்கும் வெளி ஆள ஏத்த மாட்டேன்” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். “இவன் வீட்டு ஆள். இவன வச்சுப் பழகிக்கிறேன். எனக்கும் கால் பழகணும்.”

மறுநாள் காலை. வெயில் இளசாக இருந்தது. அக்கா எப்போதும் போல ஏறி, சீட்டை முழுக்க முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் உயரத்துக்கு அப்படி இழுத்தால்தான் பெடல் எட்டும். சீட் தண்டவாளத்தில் நகரும்போது அடியில் ஏதோ கறுக்கென்றது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் இரண்டு பேருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

மேடு சுலபமாக ஏறியது. நடுவில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ஆஃப் ஆகவில்லை. கிளட்சைத் தாறுமாறாகத்தான் விட்டேன், வண்டி பொறுத்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கும்போது கீழ் வளைவில் பஸ் நிறுத்தம் ஒன்று இருக்கிறது. ஒரு கல் பெஞ்சும் அதன் பின்னால் ஒரு தோட்டத்துச் சுவரும். வளைவுக்கு முன்னால் அக்கா, “வேகம் குறை” என்றார். நான் குறைத்தேன். எதிரே லாரி வந்தது. லாரியைக் கண்டதும் பழைய பயம். கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“பிரேக்” என்றார் அக்கா. அதே நிதானமான குரல்.

நான் மிதித்தது ஆக்சிலேட்டரை.

சின்ன எஞ்சினாக இருந்திருந்தால் உறுமி ஒரு தாவல் தாவுவதற்குள் அவர் கால் பிடித்திருக்கும். இது சத்தமில்லாமல் பாய்ந்தது. அக்கா மிதிப்பதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை இரண்டு காலாலும். அவர் பெடல் கல் மாதிரி அசையாமல் நின்றது. முன்னால் இழுத்த சீட்டின் தண்டவாளம் கேபிளைக் கடித்துப் பிடித்திருந்தது. கடைசியில் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடுங்குகிற மாதிரி இழுத்தார். வண்டி பக்கவாட்டில் திரும்பி, கல் பெஞ்சை ஓரத்தில் தட்டி, சுவரில் போய் நின்றது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு விளக்கு உடைந்தது, பம்பர் நசுங்கியது. லாரிக்காரர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். அக்கா தண்ணீரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறுமையாக இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். ஏனோ அன்றைக்கு இல்லை.

“அக்கா, என் தப்பு” என்றேன். “நான்தான் மாத்தி மிதிச்சேன்.”

“மாத்தி மிதிக்கிறவனுக்காகத்தான் நான் பக்கத்துல இருக்கேன்” என்றார்.

காரிலிருந்து இறங்கிக் கூரை மேலிருந்த எல் போர்டைக் கழற்றினார். காந்தத்தால் ஒட்டியிருப்பது, இழுத்தால் வந்துவிடும். அதை மடியில் வைத்துக்கொண்டு மாமா வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான் போன் பண்ணிச் சொன்னதும் மாமா நடந்தே வந்தார். வந்தவர் என்னிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கேபிள் நசுங்கின இடத்தில் அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன்.

“சீட்ட முன்னாடி இழுப்பியே” என்றார், சீட்டிடம் சொல்வது மாதிரி. “பத்தொன்பது வருஷமா இழுத்துத்தானே உட்கார்ற. எனக்கு ஏன் தோணல?”

“என்னக் கூப்பிட்டு ஒரு தடவ உட்காரச் சொல்லியிருக்கலாம்ங்க” என்றார் அக்கா. “வாசல்லதான் நின்னேன்.”

அதற்குமேல் அவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பழைய எஞ்சினையே திரும்பப் போடலாம் என்று மறுநாள் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனார். பழைய இரும்புக்காரர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“நாலே நாள்ல போயிடுச்சுங்க. ஹெட்ட ஒருத்தர், கிராங்க ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாங்க. பிளாக்குல ஒரு காது உடைஞ்சிருந்துது, அத உருக்கப் போட்டுட்டேன்.” மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க கேப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

கேபிள் பெடலை இன்ஸ்பெக்டர் ஏற்கவில்லை. வெட்டித் தட்டின தகட்டைப் பார்த்துவிட்டு, இந்த வண்டியில் இனி பாடம் நடத்த முத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார். மாமா அந்தப் பழைய கம்பியை எடுத்து நாலு விதமாக வளைத்துப் பார்த்தார். இடமே இல்லை. நர்ஸம்மா தன் தங்கையைச் சேர்த்துவிட வந்தவர், ஷெட்டைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். எதிர்த்தெரு ஸ்கூல்காரர் வந்து, “எங்ககிட்ட வாங்க டீச்சர்” என்றார், நல்ல மனசோடுதான். அக்கா அங்கே இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் போகவில்லை. “அந்தப் பெடல் எனக்குப் பேச மாட்டேங்குது” என்றார். நிஜமான காரணம் அதுவா, அந்த பெஞ்சா, எனக்குத் தெரியாது.

சலவைக்கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். இப்போது பெரிய விரிப்புகளை மடிக்கும்போது எனக்கு எதிரே நிற்பது அக்கா. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. உதறி, இழுத்து, நடந்துவந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். அவர் கை சேரும்போது என் கையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். “பதமாடா” என்பார். அதே குரல்.

எனக்கு லைசென்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. கேட்டுப் போகவும் இல்லை.

காலையில் எங்கள் இரண்டு பேரையும் மாமாதான் காரில் கொண்டுவந்து விடுகிறார். மேடு வழியாகத்தான் வர வேண்டும். வண்டி சத்தமில்லாமல் ஏறுகிறது. நான் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பெடல் இரண்டையும் எப்போதோ கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் வெறும் ரப்பர் விரிப்பு. மாமா முப்பது வருஷம் பஸ் பழுது பார்த்து ஓட்டிக் காட்டினவர், அவரைவிடப் பத்திரமாக ஓட்டுகிற ஆள் இந்த ஊரில் கிடையாது. ஆனாலும் அக்கா காலை மடக்குவதில்லை. இரண்டு பாதத்தையும் அந்த ரப்பர் மேல் அருகருகே வைத்திருப்பார். கீழ் வளைவு வரும்போது வலது பாதம் தானாக அழுந்தும். அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மாமாவுக்குத் தெரியும். அந்த வளைவு வந்தால் அவர் ரொம்ப முன்னாலிருந்தே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.

இதுதான் கதை. நான் வண்டியால்தான் என்று சொன்ன ஒரு வார்த்தை.

அண்ணா, போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் நான் சரி என்றேன் இல்லையா, அது அந்தச் சரி மாதிரிதான். நீ ஆசையாகக் கேட்டாய், எனக்கு மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் அதை யோசிக்கவே இல்லை. அம்மா அங்கே எந்தப் பக்கம் நின்று சமைக்கிறாள், எதைச் சாய்ந்துகொண்டு எழுந்திருக்கிறாள் என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை.

இதை யார் வாசிக்கிறீர்களோ, அண்ணியோ சின்ன அக்காவோ, அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஒரு சுவரையும் இடிக்காதீர்கள். அம்மாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்துக் கேளுங்கள். அதற்கு அப்புறம் எனக்குப் போன் செய்து, என்னையும் இன்னொரு தடவை கேளுங்கள்.